மடிப்பிள்ளை கணக்கில் இல்லை

முதலில் தண்ணீர் டம்ளர்தான். கரையோரச் சாப்பாட்டுக் கடையில், ஜன்னலை ஒட்டிய மேசையில் அவர்கள் உட்கார்ந்ததும் பரிமாறுகிறவர் வந்து நாலு டம்ளர் வைத்துவிட்டுப் போனார். மேசையைச் சுற்றி இருந்தது ஐந்து பேர். தலையெண்ணி என்று பட்டப்பெயர் வாங்கியவன் அதை உடனே பார்த்துவிட்டான். இந்த மாதிரி விஷயம் எதுவும் அவன் கண்ணுக்குத் தப்புவதில்லை.

"இன்னொண்ணு வேணும். நாங்க அஞ்சு பேர்," என்றான்.

பரிமாறுகிறவர் திரும்பிப் பார்த்தார். அவன், அவன் மனைவி, மச்சான், ஒன்பது வயதுப் பெரிய மகள் என்று அவர் பார்வை வரிசையாக நகர்ந்தது. ஐந்தாவது நாற்காலியில் இரண்டு வயதுக் குட்டி மஞ்சள் கவுன் போட்டுக்கொண்டு, மேசை விளிம்பைக் கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நாற்காலிக்கு வந்ததும் அவர் பார்வை நிற்காமல் வழுக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போய்விட்டது.

"இன்னும் ஒருத்தர் வரணுமா சார்?" என்று கேட்டார்.

மச்சான் வாய்விட்டுச் சிரித்தான். "அண்ணே, உருவத்தைப் பாத்து ஏமாந்துடாதீங்க. உக்காந்தா ரெண்டு ஆள் சாப்பாடு உள்ள போகும்."

பரிமாறுகிறவரும் சிரித்தார். கொஞ்சம் தாமதமாகத்தான் சிரித்தார். ஐந்தாவது டம்ளரைக் கொண்டுவந்து குட்டிக்கு முன்னால் வைக்காமல் மேசை நடுவில் வைத்தார், யாருக்கென்று தெரியாத பொருளை வைப்பது போல. தலையெண்ணி அதை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினான்.

தலையெண்ணி என்பது மச்சான் வைத்த பெயர். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். தங்கை வீட்டுக்காரருக்குப் பட்டப்பெயர் வைப்பதைத் தன் பிறப்புரிமை என்று நினைக்கிற ஆள். பெயர் பொருத்தமாகத்தான் இருந்தது. வீட்டை விட்டுக் கிளம்பினால் வாசலில் ஒரு முறை, வண்டியில் ஏறினால் ஒரு முறை, இறங்கினால் ஒரு முறை, எல்லார் தலையையும் அவன் விரல் விட்டு எண்ணிவிடுவான். கல்யாண மண்டபத்தில்கூட எண்ணுவான். குட்டி பிறந்து மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும்போது, துணிச் சுருளுக்குள் தூங்கிக்கொண்டிருந்தவளையும் சேர்த்து "நாலு" என்று சத்தமாகச் சொன்னான். மனைவிக்கு அன்று சிரிப்புத் தாங்கவில்லை. ஏன் எண்ணுகிறான் என்று மட்டும் இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அவன் சொல்லியிருக்க மாட்டான்.

இந்த ஊருக்கு வருவதற்கு அவனுக்கு எள்ளளவும் இஷ்டமில்லை. மனைவி ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் அலுவலகத்தில் எல்லாரும் போய்விட்டு வந்துவிட்டார்களாம், காலையில் போனால் சாயங்காலம் திரும்பிவிடலாமாம், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலே மனசு லேசாகிவிடுமாம். அவன் பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். பரீட்சை, சேர்க்கை, தணிக்கை என்று கைவசம் இருந்த சாக்கையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லித் தீர்த்துவிட்டான். கடைசியில் சாக்குத் தீர்ந்துபோய் வாடகை வண்டியில் ஏறி உட்கார்ந்தான்.

பதினாலு வருஷத்துக்கு முன்னால் இதே ஊரின் படகுத்துறையில் அவன் ஒன்றரை வருஷம் வேலை பார்த்தவன் என்பது மனைவிக்குத் தெரியாது.

ஜன்னல் வழியாகத் துறை தெரிந்தது. கம்பித் தடுப்பு புதிது. தகரக் கூரைக்குப் பச்சை வர்ணம் அடித்திருந்தார்கள். தண்ணீருக்குள் இறங்குகிற கல்படிகள் மட்டும் பழையவை. உச்சி வெயிலில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. தலைக்கு மேல் மின்விசிறி சுற்றுகிற சத்தத்துக்குள் இன்னொரு சின்னச் சத்தம் கேட்டது. டிக். கொஞ்சம் பொறுத்து, டிக். விசிறியின் இறக்கை எங்கோ தட்டுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனால் அந்தச் சத்தம் அவன் கட்டைவிரலுக்குத் தெரியும். உள்ளங்கையில் அடங்குகிற இரும்புக் கருவி. மேலே இருக்கிற பித்தானை அழுத்தினால் டிக் என்று ஒரு எண் கூடும். படகில் ஏறுகிற ஒவ்வொரு தலைக்கும் ஒரு டிக். அதுதான் அவனுடைய அந்த நாளைய வேலை.

"ஏங்க, சாப்பாடு ஆறுது. எங்க பாத்துட்டு இருக்கீங்க?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல. சாப்பிட்டதும் கிளம்பிடலாமா?"

"வந்து ரெண்டு மணி நேரம்கூட ஆகல. உக்காருங்க சும்மா."

சாப்பிட்டபின் மீன் காட்சிக்கூடத்துக்குப் போனார்கள். பெரியவளுக்கு அதைப் பார்த்தே ஆகவேண்டும். வெளியே வெயில் கொளுத்த, உள்ளே இரண்டே அறை, இரண்டிலும் இருட்டு. சுவர் நெடுகக் கண்ணாடித் தொட்டிகளும், அவற்றுக்குள் நீலமாக ஒரு வெளிச்சமும், அடியிலிருந்து மேலே போய்க்கொண்டே இருக்கிற குமிழிகளும், ஈரக் கற்களின் மேல் பாசி பிடித்த வாசனையும், எல்லாவற்றுக்கும் அடியில் ஓய்வே இல்லாமல் முனகிக்கொண்டிருக்கிற மோட்டாரும் சேர்ந்து, தண்ணீருக்கு உள்ளேயே நிற்பது போல அவனுக்கு மூச்சு முட்டியது. வாசலைத் தாண்டும்போது முதுகுக்குப் பின்னால் எங்கோ கேட்டது. டிக், டிக், டிக், டிக். நாலு. ஐந்தாவதற்காக அவன் காது காத்திருந்தது. வரவில்லை.

பெரிய தொட்டிக்கு முன்னால் எல்லாரும் வரிசையாக நின்றார்கள். உள்ளே ஒரு கறுப்பு மீன் அசையாமல் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. மச்சான் அதைக் காட்டி, "பாத்தியா, அசல் உங்க அப்பா அலுவலகத்துல உக்காந்திருக்கற மாதிரியே இருக்கு," என்றான். பெரியவள் விழுந்து விழுந்து சிரித்தாள். தலையெண்ணி கண்ணாடியைப் பார்த்தான். அதில் அவர்கள் பிம்பம் விழுந்திருந்தது. வழக்கம் போல எண்ணினான். தான், மச்சான், பெரியவள், மனைவி. மனைவியின் இடது கை வளைந்து இடுப்புக்குப் பக்கத்தில் நின்றது. அந்த வளைவுக்குள் யாரும் இல்லை. அதன் வழியாகப் பின்சுவர் தெரிந்தது.

சட்டென்று திரும்பினான். குட்டி அம்மா இடுப்பில்தான் இருந்தாள். அவனைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டினாள். "அப்பா தூக்கு." அவளுக்குத் தெரிந்த வார்த்தைகளில் அதிகம் புழங்குவது அந்தத் தூக்குதான்.

வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். கவுனின் கீழ் ஓரம் சில்லென்று இருந்தது. பிழிந்தால் சொட்டும் அளவுக்கு ஈரம். முடியில் பாசி வாசனை.

"இவ எப்படி நனைஞ்சா?"

மனைவி கவுனைத் தொட்டுப் பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள். "தண்ணி கொட்டிக்கிட்டாளோ என்னமோ," என்றாள். பெற்ற பிள்ளை நனைந்தால் துடைக்கத் துண்டு தேடுகிறவள் அவள். இப்போது தேடவில்லை. அடுத்த தொட்டிக்கு நகர்ந்துவிட்டாள்.

வெளியே வந்ததும் அவன் எண்ணினான். ஐந்து. திரும்பவும் எண்ணினான். ஐந்துதான். சாலையைக் கடக்க வேண்டியிருந்தது. வியர்வையைத் துடைக்கக் குட்டியைக் கீழே இறக்கிவிட்டு, "பாப்பா கையப் பிடிச்சுக்கோ," என்றான் பெரியவளிடம்.

"யார் கைய?"

"பாப்பா கைய."

பெரியவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அந்த ஒரு கணம் அவள் முகத்தில் விளையாட்டு இல்லை. புரியாத பாடத்தைப் பார்க்கிற முகம். பிறகு அவள் பார்வை மெல்லக் கீழே இறங்கி, மஞ்சள் கவுனைத் தேடிக் கண்டுபிடித்தது. "ஓ," என்றாள். "ஆமால்ல."

குட்டியை அள்ளி எடுத்துக்கொண்டான். இனி இந்த ஊரை விட்டுப் போகிற வரைக்கும் இவளைக் கீழே விடுவதில்லை என்று முடிவு செய்தான்.

கரையோரச் சாலையில் நடந்தார்கள். ஐஸ்கிரீம் கடைக்காரர் கேட்காமலே நாலு நீட்டினார். "அஞ்சு," என்றான் தலையெண்ணி. சாய்வு நாற்காலி வாடகைக்கு விடுகிறவர் நாலு விரித்தார். "அஞ்சு!" என்று கத்தியே விட்டான். நாற்காலிக்காரர் மச்சானைப் பார்த்தார். மச்சான் தோளைக் குலுக்கினான். காலையிலிருந்து குட்டியை வைத்து ஆயிரம் கேலி பேசியவன், இப்போது பேசவில்லை. மனைவி கையில் குட்டியின் துணிப்பை இல்லை. மாற்று உடுப்பு, பால் புட்டி, பிஸ்கட் எல்லாம் அதில்தான்.

"பை எங்க?"

"எந்தப் பை?"

"குட்டியோட பை."

அவள் நின்றாள். நெற்றியைத் தேய்த்தாள். நுனிநாக்கில் இருக்கிற பெயரைத் தேடுகிற மாதிரி வாயைத் திறந்து மூடினாள். "கடைல விட்டுட்டேன் போல. அதுல அப்படி என்னங்க இருந்தது?"

அவன் குட்டியை இன்னும் மேலே ஏற்றிப் பிடித்துக்கொண்டான். தோளில் குட்டி கனத்தாள். நல்ல கனம். கை வலித்தது. அந்த வலி அவனுக்கு ஆறுதலாக இருந்தது. வலிக்கிற வரைக்கும் பிள்ளை இருக்கிறாள்.

"உடனே கிளம்பணும். ஒரு நிமிஷம்கூட இங்க இருக்க வேண்டாம்," என்றான். அவன் முகத்தைப் பார்த்த மனைவி சரி என்று தலையாட்டினாள். வண்டி ஓட்டுநருக்குப் போன் போட்டான்.

"சார், நானே கூப்பிடணும்னு இருந்தேன்," என்றார் ஓட்டுநர். "எதிர்க்கரைல டீசல் போட வந்தேன். அதுக்குள்ள பாலத்தை அடைச்சுட்டாங்க, ஏதோ ரிப்பேர் வேலையாம். நாளைக்குக் காலைலதான் திறப்பாங்களாம். நீங்க நாலு பேரும் படகுல வந்துடுங்க சார். பத்தே நிமிஷம்."

"அஞ்சு பேர்," என்றான் தலையெண்ணி. போன் அதற்குள் நின்றுபோயிருந்தது.

துறைக்குப் போகிற பாதையில் அவன் கால்கள் தாமாக வழி தெரிந்து நடந்தன. எத்தனை வருஷம் ஆனாலும் தார் வாசனையும் டீசல் வாசனையும் அழுகிய கயிற்று வாசனையும் அதே வரிசையில்தான் வந்து மூக்கில் ஏறின. எந்த இடத்தில் பலகை ஆடும் என்பதுகூட ஞாபகம் இருந்தது. சீட்டு ஜன்னலுக்கு மேல் அந்தப் பழைய அறிவிப்புப் பலகை இன்னும் தொங்கியது. எழுத்து மங்கியிருந்தது. படிக்கவே தேவையில்லை, அவனே எழுதியது. மடிப்பிள்ளைகளுக்குச் சீட்டு இல்லை. மூன்று வயதுக்கு உட்பட்டு, பெரியவர் மடியில் உட்கார்ந்து வருகிற பிள்ளைக்குத் துறையில் மடிப்பிள்ளை என்று பெயர். சீட்டு இல்லாததால் கணக்கு நோட்டிலும் இல்லை. நோட்டில் இல்லாததால் அந்தக் கருவி அதற்கு அழுத்தப்படுவதும் இல்லை. ஒன்றரை வருஷம் அப்படித்தான் எண்ணினான். யாருக்கும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை, அந்த ஒரு நாள் வரைக்கும்.

அன்றும் இப்படி வெயில் அடித்தது. படகு துறையை விட்டு இருநூறு அடிகூடப் போகவில்லை, எல்லாரும் ஒரு பக்கமாக எழுந்து நின்றார்கள், கவிழ்ந்துவிட்டது. பக்கத்துப் படகுகள் பாய்ந்தன. துறையில் இருந்தவர்கள் குதித்தார்கள். ஒவ்வொருவராக இழுத்துப் போட, அவன் படியில் நின்று எண்ணினான். முப்பத்தைந்து, முப்பத்தாறு, முப்பத்தேழு. நோட்டிலும் முப்பத்தேழு. அவனுக்கு உயிர் திரும்பி வந்தது. "கணக்கு சரியா இருக்கு! எல்லாரும் வந்தாச்சு!" என்று கையைத் தூக்கிக் கத்தினான். ஜனம் கைதட்டியது. தண்ணீரில் இருந்தவர்கள் கரையேறினார்கள். கயிறுகளைச் சுருட்டினார்கள்.

அப்போதுதான் ஒருத்தி கத்த ஆரம்பித்தாள். என் பிள்ளை, என் பிள்ளை என்று படியில் விழுந்து புரண்டாள். அதிர்ச்சியில் பிதற்றுகிறாள் என்றார்கள். அவள் பிள்ளையைச் சொந்தக்காரர் யாராவது தூக்கிப் போயிருப்பார்கள் என்றார்கள். எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். அவன் நோட்டைப் பார்த்து இன்னொரு முறை சொன்னான், கணக்கு சரியாக இருக்கிறது என்று.

இதுவரை நடந்ததை விசாரணையில் சொல்லியிருக்கிறான். சொல்லாதது ஒன்று உண்டு. இரண்டாம் முறை அப்படிச் சொன்னபோதே அவனுக்கு ஞாபகம் வந்துவிட்டது. படகில் ஏறும்போது அவள் மடியில் ஒரு பெண் குழந்தை. அவனே அதன் கன்னத்தைக் கிள்ளினான். அது சிரித்தது. ஞாபகம் வந்தது, ஆனால் நாக்கு எழவில்லை. கைதட்டிய ஜனத்துக்கு முன்னால், தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. வெட்கம், அவ்வளவுதான். கால் மணி நேரம் வாயை மூடிக்கொண்டு நின்றான். பிறகு வேறு யாரோ கேட்டார்கள், மடிப்பிள்ளையா என்று. மறுபடி குதித்தார்கள். எதுவும் கிடைக்கவில்லை, அன்றும் இல்லை, பிறகும் இல்லை. விசாரணையில், விதிப்படி மடிப்பிள்ளை கணக்கில் இல்லை என்றான். விதி அவன் பக்கம் இருந்தது.

"மாப்ள, சீக்கிரம் வா. இதுதான் கடைசிப் படகாம்," என்று மச்சான் முன்னால் இருந்து கத்தினான்.

மணி மூன்றுகூட ஆகவில்லை. அதற்குள் என்ன கடைசிப் படகு? கேட்க நேரமில்லை. தடுப்புக்கு முன்னால் கூட்டம் நெருக்கியது. படகு நிறைந்து, தளும்பிக்கொண்டு நின்றது. பக்கவாட்டில் எழுதியிருந்தது: 37 பேர் மட்டும். தடுப்பின் வாயில் ஒரு பெண் நின்றாள். ஐம்பது வயது இருக்கும். புடவைக்கு மேல் காக்கிச் சட்டை. கையில் சின்ன இரும்புக் கருவி.

டிக். முன்னால் போனவர் ஏறினார். டிக். அவர் மனைவி.

அவளுக்குப் பின்னால் கல்படிகள். வெயிலில் காய்ந்து வெள்ளை வெளேர் என்று இருந்தன. அவள் நின்ற கல் மட்டும் ஈரமாக இருந்தது. புடவையின் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டுவதை யாரும் பார்க்கவில்லை.

அவனுக்கு அவளைத் தெரிந்துவிட்டது. அன்று இதே படியில் விழுந்து புரண்டவள்.

குட்டியை இறுக்கினான். குட்டி அவன் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் மூச்சு சூடாகப் பட்டது.

"முப்பத்திமூணு ஏறியாச்சு," என்றாள் அந்தப் பெண், யாரையும் பார்க்காமல். "இன்னும் நாலு பேருக்கு இடம் இருக்கு. நீங்க எத்தனை பேர் சார்?"

"அஞ்சு," என்றான்.

"அப்போ ஒருத்தர் நின்னுக்கணும்."

"நின்னுக்கறதா? அடுத்த படகு எப்போ?"

"நாளைக்கு."

பின்னால் இருந்தவர்கள் தள்ளினார்கள். "ஏறுனா ஏறுங்க, இல்லன்னா வழிய விடுங்க சார்!" என்றது ஒரு குரல். படகோட்டி மோட்டாரைக் கிளப்பிவிட்டான். புகை வந்தது. மச்சானும் பெரியவளும் ஏற்கெனவே தடுப்பைத் தாண்டி நின்றார்கள். மனைவி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "என்னங்க ஆச்சு உங்களுக்கு? நாம நாலு பேர்தானே? காலைலேருந்து அஞ்சு அஞ்சுன்னு உயிர வாங்கறீங்க!"

அவள் முகத்தில் கோபம் இருந்தது. பொய் இல்லை. உண்மையாகவே கேட்டாள்.

இங்கிருந்து போய்விட வேண்டும். அது ஒன்றுதான் அவனுக்குத் தெரிந்தது. தண்ணீரைத் தாண்டிவிட்டால் போதும். எதிர்க்கரையில் வண்டி நிற்கிறது. ஏறி உட்கார்ந்தால் எல்லாம் சரியாகிவிடும், மனைவிக்கு ஞாபகம் வந்துவிடும். பத்தே நிமிஷம். படகில் நாலு இடம். அவன் கை வலித்தது. பின்னால் தள்ளினார்கள். மோட்டார் உறுமியது. ஒன்றரை வருஷம் தினமும் நூறு முறை சொல்லிப் பழகிய வாய் அவனுடையது. தானாகத் திறந்துகொண்டது.

"மடிப்பிள்ளைங்க. மடிலதான் வெச்சுக்கப் போறேன். மடிப்பிள்ளை கணக்குல வராது."

அந்தப் பெண் முதல் முறையாக நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவள் கண்ணில் கோபம் இல்லை. நெடுநாள் காத்திருந்த பஸ் வந்ததும் ஒருவர் முகத்தில் வருமே, அந்த நிம்மதிதான் இருந்தது.

"நீங்களே சொல்லிட்டீங்க," என்றாள். "அப்போ எத்தனை பேர்? அதையும் உங்க வாயால சொல்லிடுங்க."

"நாலு."

டிக். டிக். டிக். டிக்.

அவள் நோட்டை நீட்டினாள். கையெழுத்துப் போட்டான். குட்டியை வைத்திருந்த கையை எடுக்காமல் இன்னொரு கையால்தான் போட்டான். அதில் அவன் ஜாக்கிரதையாகத்தான் இருந்தான்.

"பதினாலு வருஷமா இதைத்தான் அழுத்திட்டு இருக்கேன் சார்," என்றாள் அவள். "ஒரு நாள்கூடத் தப்பினதில்ல."

ஏறி உட்கார்ந்தான். படகு நகர்ந்தது. துறைக்கும் படகுக்கும் நடுவில் ஒரு சாண் தண்ணீர், பிறகு ஒரு முழம், பிறகு ஒரு ஆள் நீளம். காற்று முகத்தில் பட்டது. அவன் பெருமூச்சு விட்டான். தாண்டிவிட்டோம். உடம்பெல்லாம் லேசாக இருந்தது.

கை வலி நின்றிருந்தது.

அதுதான் அவனுக்கு முதலில் உறைத்தது. கை வலிக்கவில்லை.

குனிந்து பார்த்தான். கைகள் வளைந்திருந்தன. நடுவில் ஒன்றுமில்லை. மடி முழுக்க ஈரம். பாசி வாசனை.

"குட்டி எங்க?"

"யாரு குட்டி?" என்றாள் மனைவி.

"குட்டிடீ! நம்ம குட்டி!"

பெரியவள் பயந்துபோய் அம்மாவோடு ஒட்டிக்கொண்டாள். "அம்மா, அப்பா ஏன் கத்தறாங்க?" மனைவி அவன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். அவன் எழுந்தான். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பெண்கள் கூச்சலிட்டார்கள். மச்சான் பாய்ந்து அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டான்.

"ஒரு பிள்ளை கரைல இருக்கு! திருப்புங்க! படகைத் திருப்புங்க! ஒண்ணு குறையுது!"

படகோட்டி மோட்டாரின் வேகத்தைக் குறைத்தான். நல்ல மனுஷன். எழுந்து நின்று, விரலை நீட்டி, முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் நிதானமாக எண்ணினான். கையில் இருந்த சீட்டைப் பார்த்தான்.

"முப்பத்தேழு சார். கணக்கு சரியா இருக்கு. எல்லாரும் வந்தாச்சு."

சிலர் கைதட்டினார்கள். பயம் தெளிந்ததில் தட்டினார்கள். படகு மறுபடி வேகமெடுத்தது.

"பொய்! நான் பொய் சொன்னேன்! எனக்குத் தெரியும், அன்னிக்கே தெரியும், பாத்தேன், நான் பாத்தேன்..." பதினாலு வருஷமாக அடைத்துக்கொண்டிருந்தது அத்தனையும் வந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை. அதிர்ச்சியில் பிதற்றுகிறார் என்றார் யாரோ. தண்ணீர் கொடுங்கள் என்றார் இன்னொருவர். மச்சான் பிடியை விடவே இல்லை. "ஒண்ணுமில்ல மாப்ள. ஒண்ணுமில்ல. நாங்கெல்லாம் இருக்கோம்ல," என்று காதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தான்.

மனைவி கரையைப் பார்த்தாள். கண்ணுக்கு மேல் கையை வைத்து, வெயிலை மறைத்துக்கொண்டு பார்த்தாள்.

கல்படியில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் மஞ்சளாக ஏதோ.

"ஐயோ, அந்தக் குழந்தை ஏன் இப்படி அழுது?" என்றாள் மனைவி. அவள் கண் கலங்கியிருந்தது. ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள். "பாவம். யாரு பெத்த பிள்ளையோ."

டிக். இவ்வளவு தூரத்திலும் கேட்டது. அந்தப் பெண் எழுந்து ஒரு படி இறங்கி உட்கார்ந்தாள்.

டிக். இன்னொரு படி.

அவசரம் இல்லை அவளுக்கு. தண்ணீர் அவள் காலை மூடியது. முழங்காலை மூடியது. அலை எழவில்லை.

டிக்.

தண்ணீர் மடிக்கு வந்துவிட்டது. மஞ்சள் கவுன் மிதந்து விரிந்தது. அதன் நடுவிலிருந்து இரண்டு சின்னக் கைகள், விரல்களை அகல விரித்துக்கொண்டு, அவனை நோக்கி நீண்டிருந்தன. தூக்கு, தூக்கு என்று.